மச்சினனுக்கு ஒரு ஜாடி நாப்பி

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். என் பை வரவில்லை. பட்டை நின்றுவிட்டது. திரைக்கு முன் உட்கார்ந்திருந்த காவல் பெண் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சார், உங்க பையா இது? உள்ள இன்னா கீது? கட்டியா, கறுப்பா தெரியுது."

"சாப்பிடுற பொருள்தாம்மா."

"இன்னா சாப்பாடு?"

"பர்மா சாப்பாடு."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. "தொறந்து காட்டுங்க சார்."

பைக்குள் துணிப்பை. துணிப்பைக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் செய்தித்தாள் சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடியின் மூடியைச் சுற்றி டெஃப்லான் டேப். குழாய் மரையில் தண்ணீர் கசியாமலிருக்கச் சுற்றுகிற அந்த வெள்ளை டேப்பை, வேண்டியிருக்கும் என்று கணித்து, கடையிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். எதையும் யோசித்துச் செய்கிறவன் நான். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்த தாளைக்கூட மடித்து வைத்தேன். கடைசியில் மூடியைத் திருகினேன்.

எனக்குப் பின்னால் நின்ற வரிசை, யாரும் சொல்லாமலேயே, பக்கத்து இயந்திரத்துக்கு மாறியது.

"இன்னா சார் செத்துச்சு உள்ள?"

"எதுவும் சாகலம்மா. இது நாப்பி. இறாலை உப்புப் போட்டு, இடிச்சு, வெயில்ல காயவச்சு, புளிக்கவிட்டு..."

"மூடுங்க சார். மொதல்ல மூடிட்டு அப்புறமா பேசுங்க."

மூடினேன். "போங்க சார், போங்க" என்று அவர் கையை வீசிய வேகத்தில் பயணச்சீட்டைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ரயிலில் ஒரு நீள இருக்கை முழுவதும் எனக்கே கிடைத்தது. தண்டையார்பேட்டையில் ஏறிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். என் செருப்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இறங்கப் போகிறவரைப் போல எழுந்து அடுத்த பெட்டிக்கு நடந்தார்.

எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. பெருமைதான் வந்தது. வடசென்னையில் யாருக்கும் கிடைக்காத பொருள் என் மடியில் இருந்தது.

மூக்கு போனது

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காலடிப்பேட்டையில் வீடு, திருவொற்றியூரில் பைப், வால்வு, மூட்டு விற்கும் கடை. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வைத்த கடை. அதனால் எனக்கும் இங்கே அண்ணாச்சி என்றுதான் பெயர். என் மனைவி கலா எர்ணாவூர். அவளுடைய தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். அப்படி வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த வீடுகளில் ஒன்றில் அவள் பிறந்தாள். அவள் தம்பி மணியும் அங்கேதான் பிறந்தான்.

மணிக்கு விம்கோ நகர் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ கடை. அவர்கள் அப்பா வைத்த கடை. தடித்த நூடுல்ஸில் கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பான். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். சூப்புக்காகவே வருகிறவர்கள் உண்டு.

போன மழைக்காலத்தில் மணிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போனது. முதலில் அவனுக்கே தெரியவில்லை. ஒரு நாள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான். வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டி, பழுப்பைத் தாண்டி, கரியாகிக்கொண்டிருந்தது. அவன் எப்போதும் வெங்காயத்தைக் கண்ணால் பார்த்து எடுப்பவன் அல்ல, மூக்கால் எடுப்பவன்.

"கருகுது நைனா!" என்று எதிரே நின்ற ஆட்டோக்காரர் தாஸ் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தான்.

அடுத்த நாளும் கருகியது. அதற்கடுத்த நாள் சூப்பில் பூண்டு அதிகம் என்று ஒருவர் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். மணி வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினான். டாக்டர், நரம்பு விஷயம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

மணி பல வாரம் வீட்டிலேயே இருந்தான். பிறகு எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்தான். அங்கே இருந்த சூபர்வைசர் நல்ல மனிதர். மணியின் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம சாயந்திரம் போன் பண்றேன், வரியா வரலியான்னு சொல்லிடு" என்று கெடு கொடுத்திருந்தார்.

கலா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். "அவன் போயி ஒரு கேட்டாண்ட சேர் போட்டுக்கினு குந்தினான்னா அவ்ளோதான். அப்புறம் அந்த வண்டியத் தொடவே மாட்டான்."

மறுநாள் மணி கடைக்கு வந்தான். கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல், கவுண்டரில் கிடந்த எல்போ மூட்டு ஒன்றை உருட்டிக்கொண்டே பேசினான்.

"மாமா, ஞாயித்துக்கெழம ஒரே ஒரு நாளு கடைய போட்டுப் பாக்கறேன். ஓடிச்சுன்னா ஓடட்டும். இல்லன்னா யார்டுக்குப் போய்க்கறேன். நீ கூட வந்து நில்லு. ஊர்ல கீற ஓட்டல் எல்லாம் உனக்குத் தெரியும். நீ எனக்கு மூக்கா இரு."

அவன் கேட்டது, வெங்காயம் சிவந்ததும் சொல்ல ஓர் ஆள். எனக்குக் கேட்டது வேறு.

என் தகுதிகள்

நான் நல்ல சாப்பாட்டுக் கடைகளைத் தேடுகிறவன் என்பது உறவினர் வட்டாரத்தில் பரவிய செய்தி. பரப்பியது நான்தான்.

பைப் கடையில் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அறை இருப்பது போல, என் டைரியிலும் கடைகளுக்குப் பிரிவுகள் உண்டு. தம்ளர் கழுவிய விதம், இலையில் உப்பு வைத்த இடம், ரசத்தின் சூடு, இரண்டாம் முறை போனபோது குழம்பு அதே குழம்பாக இருந்ததா என்று எல்லாவற்றையும் எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். "ஆறியிருந்தது" என்று அதையும் எழுதுவேன்.

எனக்குச் சில விதிகளும் இருந்தன. லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் இடம் நன்றாக இருக்கும் என்பது முதல் விதி. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அப்படிப் பல கடைகளில் சாப்பிட்டு வயிறு கெட்ட பிறகுதான், லாரி ஓட்டுநர்கள் லாரியை நிறுத்த இடமிருக்கும் கடையில் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

பெயர்ப்பலகை இல்லாத கடையே சிறந்த கடை என்பது இரண்டாம் விதி. காசிமேட்டில் ஒரு சந்துக்குள் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நீள மேசை, உள்ளேயிருந்து மீன் குழம்பு ஆவி. பலகை இல்லை. உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். சங்கரா மீன் குழம்பு, சுறாப்புட்டு, கேட்காமலேயே இரண்டாவது வறுவல். இந்த மாதிரிக் கவனிப்பு எந்த ஓட்டலிலும் கிடையாது. கை கழுவிவிட்டு, எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.

பரிமாறிய அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ பொண்ணு வூட்டு ஆளு இல்லியா?"

உள்ளே நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. நான் சட்டைப் பையிலிருந்த பேனாவை உள்ளே தள்ளிக்கொண்டேன். என்னை அனுப்பும்போது அவர்கள் வெற்றிலை பாக்கும் கொடுத்தார்கள். இன்றுவரை என் பட்டியலில் மீன் குழம்புக்கு முதலிடம் அந்த வீட்டுக்குத்தான்.

இப்படிப்பட்டவனை மணி தன் மூக்காக நியமித்தான்.

அலைச்சல்

மூக்கு என்றால் வெறுமனே முகர்ந்துகொண்டிருப்பதா? மணியின் சூப்பை மேம்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர், ரங்கூன் தெருவோரத்தில் முட்டி உயர நாற்காலியில் உட்கார்ந்து, இதே போன்ற சூப்பை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் உயிர் நாப்பி என்றார். மணியின் சூப்பில் நாப்பி கிடையாது.

"எங்கப்பா கடையில நாப்பி போட்டதே இல்லீங்க" என்றாள் கலா.

"அதனாலதான் உங்கப்பா கடை விம்கோ நகரைத் தாண்டல" என்றேன்.

அன்று இரவு எனக்கு ஆறிய சாப்பாடுதான் கிடைத்தது.

தேடத் தொடங்கினேன். துறைமுகம் பக்கம் இருக்கும் அத்தோ கடைகளில் கேட்டேன். ஒருவர், "அதெல்லாம் எங்க தாத்தாவோட போச்சு சார்" என்றார். இன்னொருவர் பெயரைக் கேட்டுவிட்டு, குழந்தைக்குக் கட்டுகிற நாப்பி மருந்துக் கடையில் கிடைக்கும் என்று கை காட்டினார்.

ராயபுரத்தில் கருவாடு விற்கும் ஒரு பெண்மணியிடம் விளக்கினேன். இறாலை இடித்துப் புளிக்கவைப்பார்கள், ஒரு மாதிரி மணக்கும் என்றேன். சுற்றிலும் நெத்திலியும் வாளையும் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு அவர் மூக்கைச் சுருக்கினார். "கருவாடு வாங்கறவங்களே மூடி எடுத்துக்கினு போறாங்க. நீ அழுகினத தேடிக்கினு வந்துகிறியே அண்ணாச்சி? உடம்பு நல்லாகீதா?"

கடைசியில் வியாசர்பாடியில் கலாவின் தூரத்து உறவான செண்பகம் அக்காவைப் பிடித்தேன். அவருடைய மருமகன் மணிப்பூர் எல்லையில் வியாபாரம் செய்பவர். வரும்போது மாமியாருக்கு ஒரு ஜாடி கொண்டு வருவாராம். வீட்டில் அக்கா மட்டும்தான் அதைத் தொடுவார். பேரப்பிள்ளைகள் நாற்றம் தாங்காததால் ஜாடியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"வூட்டுக்குத்தானே?" என்று கேட்டார்.

"மணி கடைக்கு அக்கா. சூப்புல போடப் போறோம்."

அவர் ஜாடியின் மூடியை இறுக்கினார். "மணி கேட்டானா?"

"நான் பார்த்துக்கிறேன் அக்கா."

அந்த ஜாடியைத்தான் மெட்ரோவில் கொண்டு வந்தேன்.

கலா அதை வீட்டு வாசற்படி ஏற விடவில்லை. "ஜாடி உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போறேன்" என்றாள். தெளிவான நிபந்தனை. ஜாடி கடைக்குப் போனது. அரை அங்குல வால்வுகளுக்கும் முக்கால் அங்குல வால்வுகளுக்கும் நடுவில் ஓர் அறையைக் காலி செய்து வைத்தேன்.

அன்றாடம் கல்லாவில் உட்காரும்போது ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். பழகிக்கொள்வதற்காக. முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவ்வளவு இல்லை. வார இறுதிக்குள் அதில் கடல் காற்றும் லேசான இனிப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. என் மூக்கு பண்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தேன். வாடிக்கையாளர்கள் வாசலிலேயே நின்று அளவைச் சொல்லிவிட்டு, பொருளைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனதை, வெளியே காற்று நன்றாக வருகிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம்

மணி வண்டியைத் துடைத்து, புதுத் தாள் விரித்து, எவர்சில்வர் கிண்ணங்களை அடுக்கியிருந்தான். சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். கைப்பேசியைக் கண்ணில் படும்படி எண்ணெய் டின்மேல் சாத்தி வைத்திருந்தான். யார்டு சூபர்வைசர் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

வெங்காயம் நன்றாகவே பொரிந்தது. நான் "இப்போ" என்றேன், அவன் அள்ளினான். பொன்னிறம். மணி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"மணி, சூப்புக்கு ஒரு பொருள் கொண்டாந்திருக்கேன்."

அவன் ஜாடியைப் பார்த்தான். மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கீழே வைத்துவிட்டான். "எங்கப்பா போட மாட்டாரு மாமா."

"தெரியும். ஆனா இதான் உண்மையான சூப்பு."

பழைய மணியாக இருந்தால் என்னை வண்டிக்கு அந்தப் பக்கம் துரத்தியிருப்பான். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலியே. நீ சொன்னா சரி" என்றான்.

ஒரு கரண்டி போட்டேன். கலக்கினேன். முகர்ந்தேன். எதுவும் வரவில்லை. இன்னொரு கரண்டி. அப்போதும் லேசாகத்தான் இருந்தது. கை தாராளமாக மூன்றாவதையும் போட்டேன். மூக்காக நியமிக்கப்பட்டவனின் மூக்கும் அந்த வாரத்திலேயே ராஜினாமா செய்துவிட்டிருந்தது எனக்குத் தெரியாது.

முதலில் வந்தவர் ஆட்டோ தாஸ். மணியைத் தோளில் தட்டினார். "வந்துட்டியா மாமு! நீ இல்லாம நாக்கே செத்துப்போச்சு." அத்தோவை ஒரு வாய் போட்டுக் கண்ணை விரித்தார். பிறகு சூப்புக் கிண்ணத்தை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டு போனவர், அப்படியே நின்றார்.

"இன்னாபா இது, கழிமுகத்துத் தண்ணில சூப்பு வெச்சியா?"

"டேஸ்ட் பண்ணிப் பாருங்க, பழகிடும்" என்றேன் நான்.

"பழகறதுக்கா அண்ணாச்சி காசு குடுக்கறேன்?"

பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் கிண்ணத்தை ஓசையில்லாமல் வண்டி ஓரத்தில் வைத்தார்கள். அதில் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மணி அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். பக்கத்து லேத் பட்டறைக்காரர். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம்.

"சாமி, வாங்க சாமி" என்றான் மணி.

"முட்டை இல்லாம ஒரு அத்தோ சாமி. சூப்பு சூடா குடுங்க, குளுரு தாங்கல."

மணி கிண்ணத்தை நிரப்பி நீட்டினான். அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். கிண்ணம் வாய்க்குப் போனது.

அடுப்பின் அளவு, கிண்ணத்தின் சுத்தம், கரண்டியின் காம்பு என்று எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். மாலை போட்டவர்கள் தெருவெல்லாம் நடமாடும் மாதத்தில், இத்தனை ஆண்டுகளாகச் சைவமாக இருந்த ஒரு சூப்புக்குள் இறாலைக் கொட்டியிருக்கிறேன் என்பது மட்டும் என் தலையில் ஏறவேயில்லை.

"சாமி! குடிக்காதீங்க! அதுல இறால் இருக்கு!"

நான் கத்தியது சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சாமி கிண்ணத்தை, வெடிக்கப் போகிற பொருளை வைப்பது போல, மெல்லக் கீழே வைத்தார்.

"குடிச்சிட்டீங்களா சாமி?" கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இல்ல அண்ணாச்சி. வாயாண்டகூடப் போவல. நாத்தம் தாங்காம ஊதிக்கினு இருந்தேன். ஆறினா போயிடும்னு பாத்தேன்."

"அந்த நாத்தந்தான் சாமி உன்னக் காப்பாத்திச்சு!" என்றார் தாஸ். நின்றவர்கள் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. கழுத்து மாலையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தார்.

மணி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாத்தமா மாமா? நீ நல்லாகீதுன்னு சொன்னியே."

"நல்லா இருக்குன்னுதான் நினைச்சேன் மணி."

"எல்லாருக்கும் தெரியுது. எனக்கும் உனக்கும்தான் தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் மெதுவாகத்தான் சொன்னான். சூப்பு அடுப்பை அணைத்தான். கொட்டிவிடுவதற்காகத் துணியைப் பிடித்துப் பாத்திரத்தின் காதுகளைப் பற்றினான். தூக்கும்போது ஆவி முழுவதும் அவன் முகத்தில் அடித்தது.

பாத்திரம் பாதியிலேயே நின்றது. அதை மறுபடி அடுப்பின்மேல் வைத்தான்.

"இன்னா மாமு, மயக்கமா?" என்றார் தாஸ்.

மணி கையை உயர்த்தி அவரைப் பேச வேண்டாம் என்றான். பாத்திரத்தின்மேல் குனிந்தான். தலையே உள்ளே போய்விடும் போலிருந்தது. வண்டியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, அவன் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான்.

"ஏதோ வருது."

"எது?" என்றேன்.

"தூரத்துல... காசிமேட்டுல வலை காயப் போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி. இரு." மறுபடி குனிந்தான். "வருது மாமா. வருது!"

பொரித்த வெங்காயத் தட்டை எடுத்து முகர்ந்தான். உதட்டைப் பிதுக்கினான். பூண்டு எண்ணெய், எலுமிச்சை, புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாக மூக்குக்குக் கொண்டு போனான். ஒன்றும் இல்லை. திரும்ப ஓடிவந்து பாத்திரத்தில் குனிந்தான். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. ஆவியா, வேறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வேற எதுவும் தெரியல. இது மட்டும் தெரியுது."

"அது செத்தவனுக்கே தெரியும்பா" என்றார் தாஸ். ஆனாலும் போகவில்லை. அணைந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, சூப்பு இல்லாமலேயே தன் அத்தோவைத் தின்று முடித்து, இன்னொன்று கேட்டார். அந்தப் பெண்களும் கொஞ்சம் தள்ளி நின்றபடி வேடிக்கை பார்த்தார்கள்.

மணி பாத்திரத்தை வண்டிக்கு அடியில் மூடி வைத்தான். கொட்டவில்லை. கை கழுவினான். நூடுல்ஸை அள்ளிப் பிசையத் தொடங்கினான்.

"மாமா, வெங்காயம் செவந்தா சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

"சரி" என்றேன்.

எண்ணெய் டின்மேல் கைப்பேசி துடித்தது. மணியின் கை முழுக்கப் புளியும் எண்ணெயும். நான்தான் பொத்தானை அழுத்தி அவன் காதருகே பிடித்தேன். சூபர்வைசரின் குரல் எனக்கும் கேட்டது. வருகிறாயா, மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"வரல சார். கடைய தொறந்துட்டேன்... இல்ல சார், முழுசா சரியாவல. ஒண்ணே ஒண்ணுதான் தெரியுது... படு கலீஜான ஒரு நாத்தம் சார்... ஆமா சார், சந்தோசமாத்தான் சொல்றேன்."